துலாம்பனின் லிபர்ட்டி: கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கும் போர்க்காலக் கப்பல்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது துலாம்பன். கடற்கரை என்றதும் நினைவுக்கு வரும் மணல் அங்கே இல்லை. எலுமிச்சை அளவிலிருந்து இளநீர் அளவுவரை உருண்டு தேய்ந்த எரிமலைக் கருங்கற்கள்தான் கரை முழுக்க. அந்தக் கற்கள் மேல் உள்ளூர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் ஸ்கூபா டேங்கைக் குறுக்கே கிடத்திச் சுமந்து வருவார்கள். காற்று நிரப்பிய ஓர் அலுமினிய டேங்க் சுமார் 17 கிலோ. சிலர் ஒரே நடையில் இரண்டைச் சுமப்பார்கள். வெறுங்கையோடு நடக்கும் நமக்கே அந்தக் கல்லில் கால் பிரளும்.

அவர்கள் டேங்கை இறக்கி வைக்கும் இடத்திலிருந்து 30-40 மீட்டர் நீந்தினால் போதும். 125 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் ஒன்று கீழே பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். அதன் மேல்விளிம்பு சுமார் 5 மீட்டர் ஆழத்தில், அடிவிளிம்பு 28-30 மீட்டரில். டைவிங் பயிற்சியே இல்லாதவர் மாஸ்க்கும் ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடி அதைப் பார்க்கலாம். அனுபவமுள்ள டைவருக்கு நாலைந்து முறை இறங்கினாலும் தீராது. உலகத்தில் இப்படி இருதரப்புக்கும் கைக்கெட்டும் போர்க்காலக் கப்பல்கள் மிகக் குறைவு.

எளிதாக எட்டுவதால்தான் பலர் அதை அசட்டையாக அணுகுகிறார்கள். கல்லில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொள்வது, பத்து மணிக் கூட்டத்தில் சிக்கி மீனைவிட மனிதர்களை அதிகம் பார்த்துத் திரும்புவது, மாலையில் மலைப்பாதை வழியாகக் காரில் ஏறி உடம்பைக் கெடுத்துக்கொள்வது என எல்லாமே கொஞ்சம் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. கப்பல் எப்படி அங்கே வந்தது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்கினால், கீழே குவிந்து கிடக்கும் இரும்பில் எது எது என்று அடையாளம் தெரியத் தொடங்கும்.

பெயரால் வரும் குழப்பம்

இதை 'லிபர்ட்டி ஷிப்' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அது தவறு. லிபர்ட்டி ஷிப் என்பது இரண்டாம் உலகப் போரில், 1941-லிருந்து அமெரிக்கா ஒரே வார்ப்பில் ஆயிரக்கணக்கில் கட்டித் தள்ளிய சரக்குக் கப்பல் வகை. துலாம்பனில் கிடப்பதன் பெயர்தான் லிபர்ட்டி. அது முந்தைய போரின் பிள்ளை. நியூ ஜெர்சியின் கியர்னியில் ஃபெடரல் ஷிப்பில்டிங் நிறுவனம் கட்டி, 1918-இல் நீரில் இறக்கியது. முதலில் அமெரிக்கக் கடற்படைக்குச் சரக்கேற்றியது, பிறகு வணிகக் கப்பலாக ஓடியது, 1940-இல் அமெரிக்க ராணுவத்தின் போக்குவரத்துக் கப்பலானது. பெயருக்கு முன்னால் யு.எஸ்.ஏ.டி. என்று வருவது அதனால்தான்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. லிபர்ட்டி ஷிப்கள் தகட்டோடு தகட்டைப் பற்றவைத்துக் கட்டியவை. 1918-இன் கப்பலோ ரிவெட் அடித்துக் கோத்தது. நீருக்கடியில் தகடுகளின் ஓரத்தைப் பொறுமையாகப் பார்த்தால், பவளமும் கடற்பஞ்சும் மூடாத இடங்களில் வரிசையாக ரிவெட் தலைகள் தெரியும். தகடுகள் இன்று பிரிந்து சரிவதும் பெரும்பாலும் அந்தத் தையல்களை ஒட்டித்தான்.

இருபத்தொரு ஆண்டு கரையில்

1942 ஜனவரி 11. ரயில்வே உதிரிபாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்த லிபர்ட்டியை, லொம்போக் நீரிணைக்குத் தென்மேற்கே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-166 டார்பிடோவால் தாக்கியது. கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. அமெரிக்கப் போர்க்கப்பல் பால் ஜோன்ஸும் டச்சுப் போர்க்கப்பல் ஃபான் ஹென்ட்டும் அதைக் கயிறு கட்டி இழுத்தன. பாலி அப்போது டச்சு ஆட்சியில். வடக்குக் கரையின் சிங்கராஜா துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பதுதான் திட்டம். வழியிலேயே நீர் அதிகம் புகுந்துவிட்டது. சரக்கையாவது காப்பாற்றலாம் என்று துலாம்பன் கரையில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள்.

அதன்பிறகு 1963 வரை கப்பல் கரையில்தான் கிடந்தது. இருபத்தொரு ஆண்டில் சரக்கு இறங்கியது, கழற்ற முடிந்த உலோகமெல்லாம் கழற்றப்பட்டது. சரக்கு அறைக்குள் போய் மோட்டார் சைக்கிளும் லாரியும் தேடுகிறவர்கள், செங்கடலில் கிடக்கும் திஸில்கோர்ம் என்ற கப்பலின் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். திஸில்கோர்ம் சரக்கோடு மூழ்கியது. லிபர்ட்டி காலியாகத்தான் நீருக்குள் போனது. இங்கே பார்க்க வேண்டியது கப்பலின் எலும்புக்கூட்டையும் அதில் குடியேறிய உயிர்களையும்.

1963-இல் அகூங் எரிமலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பேரழிவு அது. வெடிப்போடு வந்த நில அதிர்வில் கப்பல் கரையிலிருந்து பெயர்ந்து, சரிவான கருமணலில் வழுக்கி, வலப்பக்கமாகச் சாய்ந்து, கரைக்கு ஏறத்தாழ இணையாகப் படுத்தது. அடிப்பகுதி கரையைப் பார்க்கிறது, மேல்தளம் ஆழ்கடலைப் பார்க்கிறது. நடுப்பகுதி இந்த அளவு நொறுங்கிக் கிடப்பதற்கும் காரணம் இந்தப் புரளல்தான். டார்பிடோ அடித்த காயத்தை மட்டும் தேடிக் கண்டுபிடிக்க நினைப்பது வீண் வேலை. எரிமலை செய்தது அதைவிடப் பெரிது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதே 1942-இல், மூன்று மாதம் கழித்து ஏப்ரல் 9 அன்று, மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை மூழ்கடித்தன. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே இறங்க வாயுக் கலவையும், மேலேறும்போது படிப்படியாக நின்று வரும் பயிற்சியும் வேண்டும். கிழக்கிலங்கைக் கரையில் வாழ்பவர்களிலேயே மிகச் சிலர்தான் அதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். அதே போரின் கப்பல் ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளை மிதந்தபடி பார்க்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அதைக் கரையேற்றிய முடிவும், இருபத்தொரு ஆண்டு கழித்து வந்த அதிர்வும்.

கல்லைத் தாண்டுவது

துலாம்பனில் காயம் படுவது பெரும்பாலும் கப்பலில் அல்ல, கரையில்தான். அலை சிறிதாகத் தெரிந்தாலும், பின்வாங்கும்போது காலுக்கடியில் உள்ள கற்களையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போகும். முதுகில் 20 கிலோவுக்கு மேல் பாரம் இருப்பவருக்கு அது போதும்.

அடி கெட்டியான பூட்டி (டைவிங் காலணி) கட்டாயம். மெல்லிய சாக்ஸ் போன்ற உறையோடு முழுக்கால் ஃபின் (காலில் மாட்டும் நீந்து துடுப்பு) கொண்டுவருபவர்கள் இங்கே தவித்துப்போவார்கள். நீரில் கால் வைக்கும் முன் மாஸ்க் முகத்திலும், டேங்கிலிருந்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் வாயிலும் இருக்க வேண்டும், பி.சி.டி. என்ற மிதவைச் சட்டையில் பாதிக்கு மேல் காற்று இருக்க வேண்டும். விழுந்தாலும் மூச்சு விடலாம், மிதக்கலாம். ஃபின்னைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கல்லில் ஃபின் போட்டு நடக்க முயல்வதுதான் அதிகம் பேர் விழுவதற்குக் காரணம். அலைகள் கொத்தாக வரும், பிறகு சிறிது ஓயும். ஒரு நிமிடம் நின்று அந்தத் தாளத்தைப் பாருங்கள். ஓய்ந்ததும், காலைத் தூக்காமல் தேய்த்து நகர்த்தி, துணைவரின் தோளைப் பிடித்தபடி, தயங்காமல் நெஞ்சளவு நீருக்குப் போய்விட வேண்டும். பாதியில் நின்று யோசிக்கும் இடம்தான் அலை உடையும் இடம். நெஞ்சளவு வந்ததும் மல்லாந்து மிதந்து ஃபின்னை மாட்டிக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது களைத்திருப்போம், அப்போதுதான் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். கை தரையைத் தொடும்வரை நீந்தியே வாருங்கள். ஃபின்னைக் கழற்றும்வரை ரெகுலேட்டர் வாயை விட்டு வெளியே வரக் கூடாது. அலை பெரிதாக இருந்தால் எழுந்து நிற்கக்கூட வேண்டாம், தவழ்ந்தே ஏறிவிடலாம். சுமக்கும் பெண்கள் இறங்கி வந்து கைகொடுப்பார்கள். அவர்களை மரியாதையாக 'இபு' என்று அழைப்பது அந்த ஊர் வழக்கம். கூலி டைவ் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேரவில்லை என்றால் மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

மேலிருந்து பார்ப்பவர்களுக்கு

ஸ்நார்கெல் போடுபவர்களுக்குக் கப்பல் எங்கே தொடங்குகிறது என்பதே முதல் சிக்கல். கரையை ஒட்டிக் கல், பிறகு கருமணல் சரிவு. கருமணல் ஒளியை விழுங்கிவிடுவதால் கீழே வெறும் இருட்டாகத் தெரியும். டைவர்கள் விடும் குமிழிகள் தூண் தூணாக எழும்பும் இடத்தைப் பார்த்தால் கப்பல் புரிந்துவிடும். ஆனால் அந்தத் தூணுக்கு நேர் மேலே மிதக்க வேண்டாம். குமிழி பார்வையை மறைக்கும், மேலேறி வரும் டைவரின் டேங்க் உங்கள் மேல் மோதும். ஓரமாக மிதந்து, சாய்வாகப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்த்து, ஏதாவது ஒரு மரத்தையும் பின்னால் உள்ள கூரையையும் ஒரே கோட்டில் குறித்துக்கொள்வது நல்லது. நம் மீனவர்கள் கரைக்குறி பார்த்து இடம் பிடிக்கும் அதே முறைதான். இங்கே நீரோட்டம் பெரும்பாலும் மெல்லியதே. ஆனாலும் முகத்தைக் கவிழ்த்தபடி அரைமணி மிதந்தால் கரையோரமாக நூறு மீட்டர் தள்ளிப்போனது தெரியாது. மரமும் கூரையும் ஒரே கோட்டிலிருந்து விலகினால் நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள்.

மேல்விளிம்பு 5 மீட்டரில் இருப்பதால் மூச்சைப் பிடித்து இறங்கிப் பார்க்க ஆசை வரும். நீந்தத் தெரிந்தவருக்கு அது முடியும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: இறங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவது. அதனால் உடம்பில் ஆக்சிஜன் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது கரியமில வாயு. அது குறைந்ததால் உணர்வு தாமதமாகும், அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, கடைசி ஓரிரு மீட்டரில் சத்தமில்லாமல் மயக்கம் வரும். நன்றாக நீந்துபவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. அமைதியாக இரண்டு மூச்சு, பிறகு இறக்கம், ஒருவர் கீழே போனால் மற்றவர் மேலே பார்த்திருப்பது. இதற்கு மேல் உத்தி தேவையில்லை.

டேங்கோடு இறங்குபவர்களுக்கு

ஆழம்தான் இங்கே முதல் முடிவு. பயிற்சிச் சான்று இல்லாமல் ஆசிரியரோடு இறங்குபவருக்கு வரம்பு 12 மீட்டர், ஓபன் வாட்டர் சான்றுக்கு 18, அட்வான்ஸ்டுக்கு 30. மேல்விளிம்பையும் கப்பலின் பெரும்பகுதியையும் 18 மீட்டருக்குள்ளேயே பார்த்துவிடலாம் என்பது லிபர்ட்டியின் பெரிய வசதி. ஆழத்துக்குப் போகாததால் எதையோ இழந்துவிட்டோம் என்று எண்ண வேண்டியதில்லை. வெளிச்சமும் பவளமும் மேலேதான் அதிகம்.

காற்றுக் கணக்கைக் கரையிலேயே போட்டுக்கொள்ளலாம். 11 லிட்டர் டேங்க், 200 பார் (காற்றழுத்த அளவு). 50 பாரைத் தொடாமல் வைத்தால் செலவழிக்கக் கிடைப்பது 11 × 150 = 1650 லிட்டர். நிதானமாக நீந்துபவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே 40 லிட்டர்: சுமார் 41 நிமிடம். 25 மீட்டரில் மூன்றரை மடங்கு, 70 லிட்டர்: 23 நிமிடம்தான். இது முழு நேரத்தையும் ஒரே ஆழத்தில் கழித்தால் வரும் கணக்கு. பதற்றத்தில் இழுப்பு இரட்டிப்பாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜனின் கணக்கு தனி. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின், பரவலாகப் பயன்படும் அட்டவணைப்படி, முதல் டைவில் காற்றோடு 18 மீட்டரில் 56 நிமிடம், 25 மீட்டரில் 29 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான் நிறுத்தமில்லாமல் மேலேறும் வரம்பு. துலாம்பனில் ஒரே நாளில் மூன்று முறை இறங்குவது சாதாரணம், ஒவ்வொரு முறையும் இந்த வரம்பு சுருங்கும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) சான்று உள்ளவருக்கு 32 சதவீத ஆக்சிஜன் கலவை இங்கே உண்மையிலேயே பயன்தரும். அதோடு 25 மீட்டரில் இருப்பது, நைட்ரஜன் கணக்கில், காற்றோடு 20 மீட்டரில் இருப்பதற்குச் சமம். 29 நிமிடம் 45 ஆகிறது. அந்தக் கலவையின் ஆழ வரம்பு 33 மீட்டருக்குச் சற்று மேல். கப்பல் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் மணல் சரிவு அதற்குக் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பாதை இப்படி அமைந்தால் நல்லது. மணல் சரிவைத் தொட்டபடி இறங்கி, கப்பலின் முனையைச் சுற்றி, கடலைப் பார்த்த மேல்தளப் பக்கத்துக்கு முதலில் போங்கள். ஆழமான பகுதி அதுதான். காற்று நிறைய இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். டேங்க் 100 பாருக்கு வந்ததும் கப்பலின் மேலேறி, மேல்விளிம்பை ஒட்டி 10 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு மெல்ல மெல்லத் திரும்புங்கள். கடைசியில் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்பது விதி. நடுக்கடல் டைவில் கயிற்றைப் பிடித்துச் சலிப்போடு நிற்கும் அந்த மூன்று நிமிடம், இங்கே கப்பலின் விளிம்பிலேயே, மீன் பார்த்தபடி கழியும். பத்து நிமிடம் ஆனாலும் தெரியாது, அத்தனையும் உடம்புக்கு நல்லது.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான், அமிழ்வதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையின் கணக்கில் தவறு இருந்தால் வெளிப்படும். டேங்கில் இருக்கும் காற்றுக்கே சுமார் 2.6 கிலோ எடை. 50 பாரில் திரும்பும்போது அதில் 2 கிலோ போயிருக்கும். தொடக்கத்தில் சரியாக அமிழ்ந்தவர் முடிவில் 2 கிலோ லேசாகி, 5 மீட்டரில் நிற்க முடியாமல் பலூன் போல எழும்புவார். ஆகவே எடையைச் சரிபார்ப்பது கிட்டத்தட்டக் காலி டேங்கோடு இருக்க வேண்டும். முழு டேங்கோடு பார்த்தால் 2 கிலோ கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கட்டிக்கொள்பவர் கால் தாழ்ந்து நீந்துவார், ஒவ்வொரு உதையிலும் பவளம் உடையும். துலாம்பனில் பவளத்துக்கு வரும் சேதத்தில் கைப்பிடித்ததால் வருவதைவிட இப்படித் தாழ்ந்த ஃபின் நுனியால் வருவது அதிகம் என்பது எங்கள் கணிப்பு.

கப்பலை அடையாளம் காண்பது

நம் கடற்கரை வழக்கில் படகின் முன்முனை அணியம், பின்முனை அமரம். லிபர்ட்டியின் நடுப்பகுதி நொறுங்கிக் கிடக்கிறது. அமரப் பக்கம் ஒப்பீட்டளவில் உருவம் கெடாமல் இருக்கிறது. பவளம் மூடிய பீரங்கியைத் தேட வேண்டியதும் அந்தப் பக்கம்தான். முதல் டைவில் அமரத்தைச் சுற்றி வந்தாலே கப்பலின் சாய்வு மனதில் பதிந்துவிடும். தளம் என்று நினைப்பது சுவராக நிற்கும், ஏணி கிடைமட்டமாக ஓடும். தலையைத் தொண்ணூறு டிகிரி சாய்த்துப் பார்த்தால் எல்லாம் இடத்தில் வந்து உட்காரும்.

பகலிலும் ஒரு டார்ச் வேண்டும். நீர் சிவப்பு நிறத்தை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். 15 மீட்டரில் சாம்பல் கட்டையாகத் தெரியும் விட்டத்தின்மேல் வெளிச்சம் அடித்தால், குங்குமச் சிவப்பில் கடற்பஞ்சும் மஞ்சளில் மென்பவளமும் துள்ளி எழும். கடல்விசிறி ஒன்றின் கிளைகளில், இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டிக் கடற்குதிரை இருக்கும். விசிறியின் மொட்டுகளைப் போலவே அதன் உடம்பிலும் முண்டுகள், அதே இளஞ்சிவப்பு. வழிகாட்டி விரலால் காட்டிய பிறகும் சிலருக்கு அது தெரிவதில்லை. கண்டுபிடித்துவிட்டால் டார்ச்சைச் சற்று விலக்குங்கள். அதற்கு இமை கிடையாது, கடுமையான ஒளியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள மட்டும்தான் முடியும். வரிசையில் நிற்கும் இருபது கேமராக்களும் ஃபிளாஷ் அடித்தால் அது எங்கே போகும்?

மணல் சரிவிலும் நேரம் செலவிடத் தகும். குழியிலிருந்து பாதி உடம்பை நீட்டி, நாற்று போல ஆடும் விலாங்குக் கூட்டம் அங்கே உண்டு. நெருங்கினால் ஒட்டுமொத்தமாக உள்ளிழுத்துக்கொள்ளும். மணலில் அசையாமல் கிடந்து, மூச்சை மெல்ல விட்டால் மூன்று நான்கு நிமிடத்தில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழும்.

ஏன் விடியலில் போக வேண்டும்

முண்டுத்தலைக் கிளிமீன் என்று ஒன்று. வளர்ந்தது 1.3 மீட்டர் நீளம்வரை போகும், நெற்றியில் பெரிய முண்டு, பவளத்தைக் கடித்து மென்று மணலாகக் கழிக்கும் அளவுக்கு வலுவான அலகு. இந்த மீன்கள் கூட்டமாக இரவில் லிபர்ட்டிக்குள் தூங்கும். வெளிச்சம் வந்ததும் மாடு மந்தை போல வரிசையாகக் கிளம்பி மேயப் போய்விடும். கிளம்பிய பின் வருபவர்களுக்கு மிஞ்சுவது அவை இருந்த இடம்தான். சூரியன் எழும் நேரத்தில் நீருக்குள் இருக்க வேண்டும் என்றால் முந்தைய இரவு துலாம்பனிலோ அருகே அமெத்திலோ தங்கியாக வேண்டும்.

வெளிச்சமும் அப்போதுதான் அழகு. கரை வடகிழக்கைப் பார்த்தது, மேல்தளம் கடலைப் பார்த்தது. ஆகவே காலைக் கதிர் நேராக மேல்தளப் பக்கத்தில் விழுகிறது. மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் நிழலாகிவிடும். தெற்கு பாலியிலிருந்து வேன்கள் வந்து சேர இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். ஒன்பது, பத்து மணிக்குமேல் கூட்டம், பிற்பகல் மூன்றுக்குமேல் மறுபடி அமைதி. கப்பலைச் சுற்றிப் பாரை மீன்கள் சுழலும் கூட்டத்தை எந்த நேரத்திலும் பார்க்க வாய்ப்பு உண்டு. விடியலில் போகாத குறையை அது ஓரளவு தீர்க்கும்.

மழைக்காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை மலையிலிருந்து வரும் கலங்கல் பார்வையைக் குறைக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை நீர் குளிரும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைவிங் உடை மெல்லிசாகத் தோன்றும், நாளுக்கு மூன்று முறை இறங்குபவர் 5 மில்லிமீட்டர் போடட்டும்.

உள்ளே நுழையலாமா?

லிபர்ட்டி பல இடங்களில் திறந்து கிடப்பதால், உள்ளே போய் மறுபக்கம் வெளியேறும் வழிகள் நிறையத் தெரியும். நுழையும் இடத்திலிருந்தே வெளியேறும் வெளிச்சம் தெரிகிறது, இருவர் அருகருகே போகும் அகலம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் வழிகாட்டியோடு யோசிக்கலாம். பயிற்சி பெற்ற பொழுதுபோக்கு டைவருக்கே, ஆழமும் உள்ளே போன தூரமும் சேர்த்து 40 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு.

உள்ளே போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைப் பலர் அறிவதில்லை. நாம் விடும் குமிழி வெளியே மேலேறிக் கலைந்துவிடும். கூரைக்கு அடியில் விட்டால் அங்கேயே தேங்கும். நாம் வெளிவிடும் காற்றில் இன்னும் 16-17 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. உப்பு நீரில் ஊறிய இரும்புக்கு அந்தக் காற்றுப்பை போல அரிப்பைத் தூண்டுவது வேறில்லை. கூரையில் ஒட்டியிருந்த கடற்பஞ்சும் சங்குகளும் காற்றுபட்டுச் செத்து உதிர்கின்றன. நாளெல்லாம் அப்படி இறங்குகிறவர்களின் குமிழிகளைக் கூட்டினால், தட்டினால் ஓட்டை விழும் தகடுகள் ஏன் பெருகுகின்றன என்பது விளங்கும். பவளப் படிவும் துருவும் சேர்ந்து இரும்பின்மேல் கெட்டியான ஓடாகப் படிகிறது; அந்த ஓடு ஆக்சிஜனைத் தடுத்துக் கப்பலைக் காக்கிறது. நிற்பதற்குப் பிடிமானமாக விளிம்பைப் பற்றும் கை அந்த ஓட்டைப் பெயர்க்கிறது, புது இரும்பு வெளியே வருகிறது.

பிடிப்பவருக்கும் நல்லதில்லை. துருப்பிடித்த தகடு கத்தி போல அறுக்கும், ஆகவே கிளம்பும் முன் டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கிறதா பாருங்கள். கல்லோடு கல்லாகக் கிடக்கும் விஷ முள் மீன்கள் இருக்கலாம். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் அந்த இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்தி வைப்பதுதான் முதலுதவி. அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

கறுப்பு மணல் சரிவுக்கும் ஓர் எச்சரிக்கை. வெண்மணல் போல அது ஆழத்தைக் காட்டிக்கொடுக்காது. மீனைத் துரத்தியோ, கேமராவில் கண் வைத்தபடியோ சரிவோடு இறங்குபவர் 32, 34 என்று போவதை உணரவே மாட்டார். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பார்ப்பது ஒன்றே வழி.

கரையேறிய பிறகு

டைவ் முடிந்த பின் விமானம் ஏற, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். உடம்பில் கரைந்த நைட்ரஜனுக்கு விமானம், மலை என்ற பேதம் கிடையாது, காற்றழுத்தம் குறைகிறதா என்பதுதான் கணக்கு. துலாம்பனிலிருந்து உபுத் போகிறவர்களை ஓட்டுநர் கிந்தாமணி வழியாக, வழியில் பாத்தூர் ஏரியையும் காட்டலாமே என்று அன்போடு அழைத்துப்போவார். அந்தப் பாதை சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறது. காலையில் மூன்று முறை 25 மீட்டருக்கு இறங்கியவர் மாலையில் அங்கே நிற்பது, காத்திருக்காமல் விமானம் ஏறுவதற்கு ஒப்பானது. 3,000 மீட்டரைத் தாண்டும் அகூங் மலையேற்றத்தை மறுநாள் விடிகாலைக்கு வைத்துக்கொள்வது இன்னும் மோசம். மலை ஏற வேண்டுமென்றால் முதலில் மலை, பிறகு கடல்.

மூட்டுவலி, தோலில் அரிப்போ திட்டுத்திட்டான நிறமாற்றமோ, கைகால் மரத்துப்போவது, காரணமில்லாத அசாத்தியக் களைப்பு இவற்றில் எது வந்தாலும் 'கல்லில் நடந்த அலுப்பு' என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் தூய ஆக்சிஜன், பிறகு அழுத்த அறை உள்ள டென்பசார் மருத்துவமனை. டைவிங் காப்பீட்டின் அவசர எண் கைப்பேசியிலும் காகிதத்திலும் இருக்கட்டும். தெற்கே திரும்ப அம்லபுரா வழியாகக் கடலோரத்தை ஒட்டி இறங்கும் பாதை உண்டு, கிந்தாமணி அளவுக்கு அது உயரம் ஏறுவதில்லை. வண்டி பேசும்போதே அந்தப் பாதையைச் சொல்லிவிடுங்கள்.